கையுறை கறுக்காத கப்பல்

இன்று காலை கடற்படை அலுவலகத்தின் வாசற்படியில் உறுதியான செய்தி இது: நாம் வாங்கவிருக்கும் போர்க்கப்பலை நமது குழு பார்வையிட்டபோது, அதன் கொதிகலன்களில் ஒன்றில்கூட நெருப்பு இல்லை. சொன்னவர், அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிப் போய்வந்த அதிகாரி. என்னிடம் நேரில் சொன்னார். மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றார்.

செய்தியை முதலில் வைத்து வணக்கத்தைப் பின்னால் வைத்ததற்குத் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காரனின் பழக்கம். இதோ, வணக்கத்துக்கு வந்துவிட்டேன்.

இந்த அவையைத் தாங்கி நிற்கும் இழுவைப் படகுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர்களே! அவருக்கு இருபுறமும் அமர்ந்து, இவன் எப்போது முடிப்பான் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் தூங்கவைத்துவிட்டுக் காதுகளை மட்டும் என் பக்கம் திருப்பியிருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கும் தம்பிமார்களே! யார் என்ன பேசினார்கள் என்று எழுதிக்கொண்டு போவதற்காகப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசாங்க நண்பரே! ஆம் ஐயா, உங்களைத்தான். பேனாவில் மை இருக்கிறதா? இருக்கட்டும், இன்று நிறைய வேலை இருக்கிறது. உங்களுக்கும் சேர்த்தே என் வணக்கம்.

அந்தக் கப்பலை நாம் ஏன் வாங்குகிறோம்? கடலை ஆண்ட பேரரசுகள் ஒன்றையொன்று அடித்து ஓய்ந்தன. இனி இத்தனை பெரிய போர்க்கப்பல்களை எவரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டன. இந்த ஆண்டு முடிவதற்குள் பழைய கப்பல்களை உடைக்க வேண்டும், இல்லையென்றால் சிறிய நாடு ஒன்றுக்கு விற்றுவிட வேண்டும் என்பது உடன்படிக்கை. உடைப்பது பெரும்பாடு. விற்பதற்கு ஒரு வாத்திய இசைக்குழுவும் ஒரு விருந்தும் போதும். வாங்குவதற்குத்தான் நாம் இருக்கிறோமே!

நம் கடற்படையில் என்ன இருக்கிறது? எண்ணெயில் ஓடும் சின்னச் சின்னப் பீரங்கிப் படகுகள். சுத்தமானவை, சுறுசுறுப்பானவை. ஆனால் அண்டை நாடு ஒரு பெரிய கப்பலை வாங்கிவிட்டது. அன்றிலிருந்து நம் அமைச்சர்களுக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டில் பெரிய அலமாரி வந்து இறங்கினால், நம் வீட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கடைக்கு ஓடுகிறோம் அல்லவா? அப்படித்தான்.

துறைமுகத்தில் அந்தக் கப்பலுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும். 'மாப்பிள்ளை'! சிரிக்கிறீர்கள். மாப்பிள்ளைக்காகப் படகுத்துறையை நீட்டினார்கள். மாப்பிள்ளைக்காகக் கிடங்குச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மாப்பிள்ளைக்காக விளக்குக் கம்பம் நட்டார்கள். மாப்பிள்ளை நடப்பாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை!

கேட்டிருக்க வேண்டிய இடம் எது? குழு திரும்பி வந்த அன்று நடந்த பத்திரிகையாளர் கூட்டம். நானும் போயிருந்தேன். நீளமான அறை. மேசை நடுவே அந்தக் கப்பலின் மர மாதிரி. அதன் பீரங்கிகள் திரும்பின, புகைபோக்கிகள் பளபளத்தன. குழுவின் தலைவர் எழுந்தார். நேர்மையான மனிதர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளை எடுத்தார். மேசைமேல் விரித்தார்.

"பாருங்க. மேல்தளத்துல இருந்து கொதிகலன் அறை வரைக்கும், கதவு, கைப்பிடி, குழாய் எல்லாத்தையும் இந்தக் கையாலதான் தடவிப் பாத்தேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல. இப்படி ஒரு கப்பல வச்சிருக்கறவங்க அத எப்படிப் பராமரிச்சிருப்பாங்கன்னு நீங்களே நெனச்சுக்குங்க" என்றார்.

அறை கைதட்டியது. மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தக் கையுறையின் படம்தான்.

அந்தப் படத்தின் கீழே இன்னொரு படம் இருந்தது. விற்கிற நாடு அனுப்பிவைத்த படம், கப்பலின் முழு உருவம். கொடிகள் பறக்கின்றன, மாலுமிகள் வரிசையாக நிற்கிறார்கள். எனக்கு என்னவோ புகைபோக்கிமேல் கண் போயிற்று. விளிம்பிலே கடற்பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, குடும்பம் குடும்பமாக! நெருப்பு மூச்சு விடும் வாயின்மேல் பறவை குந்துமா? புகை கக்கும் குழலின்மேல் குஞ்சுக்கு இரை ஊட்டுமா? அன்றைக்கு மட்டும் அடுப்பு அணைந்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் உள்ளே நுழைந்துவிட்டால், செருப்புக்குள் போன மணல்போல, அடுத்த அடியிலும் அது உறுத்தும்.

உறுத்தலோடுதான் போன வாரம் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனேன். எதற்கு? மாப்பிள்ளையை அழைத்து வரப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கடற்படையில் கரி அள்ளிப் போடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் படகுகள் எண்ணெய்ப் படகுகள் ஆயிற்றே! ஆகவே நம் இழுவைப் படகுகளில் கரி அள்ளுகிறவர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பயணிகள் கப்பலில் ஏறி அங்கே போக வேண்டும். விழா நடக்கும். நம் கொடி ஏறும். கொடி ஏறிய கணத்திலிருந்து கப்பலின் குறை எல்லாம் நம் குறை. உடனே நெருப்பு மூட்டிக் கடலில் இறங்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

நான் போனது ஒரு மாடிவீடு. படி குறுகல், எதிரே ஒருவர் வந்தால் இருவரில் ஒருவர் சுவரோடு சுவராக ஒட்ட வேண்டும். அந்த வீட்டுக்காரர் இழுவைப் படகில் கரித்தொழிலாளி. தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாளியில் அவருடைய சட்டையை அலசிக்கொண்டிருந்தார். அலசிய தண்ணீர் மை மாதிரி. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார். அதுவும் மை.

"உக்காருங்கண்ணே. அந்த நாற்காலில வேணாம், அவர் உக்காந்த நாற்காலி. உங்க வேட்டி போயிடும்" என்றார் அந்த அம்மாள்.

"நாந்தான் குளிச்சிட்டேனே" என்றார் கணவர்.

"நீங்க குளிச்சீங்க. நாற்காலி குளிச்சுதா?"

அந்த அம்மாள் என்னிடம் திரும்பினார். "அண்ணே, நீங்க பெரிய எடத்துக்கெல்லாம் போறவங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்தக் கப்பல்ல அடுப்பு எரியுதா? எரிஞ்சத யாராவது பாத்தாங்களா?"

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இருக்க மாட்டியா? பெரியவங்கல்லாம் போயிப் பாத்துட்டு வந்திருக்காங்க. கையில கரியே ஒட்டலன்னு பேப்பர்ல படமே போட்டிருக்கான்!"

"கைய விட்டா ஒட்டாத கரி எங்கங்க இருக்கு?"

"நாட்டோட கப்பல்டி அது. பேரு வாங்கித் தர்ற வேலை."

"பேரு வரும். நீங்க வருவீங்களா?"

கணவர் பெட்டி பக்கம் திரும்பினார். பெட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திறந்து, மறுபடி மூடினார். வாளி, நாற்காலி, சட்டை. நான் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனூண்டு இழுவைப் படகில் வேலை பார்க்கிறவரின் நாற்காலியில்கூட உட்கார முடியவில்லை. மலை போன்ற கப்பலின் கொதிகலன் அறைக்குள் போன கையுறை மட்டும் மல்லிகை மாதிரி வெளியே வருகிறது. இது எப்படி?

இந்தக் கேள்வியோடுதான் இன்று காலை கடற்படை அலுவலகம் போனேன். அதிகாரி காரிலிருந்து இறங்கி வந்தார். படியிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"ஐயா, கொதிகலன் அறைக்குள்ள போனப்ப சூடா இருந்துதா?"

"இல்லையே. நல்லாக் குளுமையா இருந்துது. நமக்கு வசதியா இருக்கட்டும்னு அணைச்சு வச்சிருந்ததாச் சொன்னாங்க."

"ஒரு கொதிகலன்லயாவது?"

"எல்லாத்துலயும்தான்."

"அணைச்சு எத்தன நாள் ஆச்சுன்னு கேட்டீங்களா?"

 அவர் அடுத்த படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார். நான் அவரை மடக்கவில்லை. அவர் சொன்ன பதிலே அவருக்குக் கேட்டுவிட்டது.

"எங்க படகுல முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் சார் அது. கையுறை வெள்ளையா இருந்தா கப்பல் நல்லா இருக்கு. எண்ணெய்ப் படகுல அது சரி. இது கரிக் கப்பல். கரிக் கப்பல்ல கை வெள்ளையா வந்தா..." என்று நிறுத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "அது ஓடியே ரொம்ப காலம் ஆகியிருக்கணும்" என்றார்.

பையிலிருந்து அந்தக் கையுறைகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "கொண்டு போங்க. காட்டுங்க. நானும் இப்பவே தந்தி அடிக்கப் போறேன்."

இதோ அந்தக் கையுறைகள்! பின்வரிசைக்குத் தெரிகிறதா? அரசாங்க நண்பரே, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மக்களே! விற்பவர்கள் ஏன் அடுப்பை அணைத்தார்கள்? வசதிக்கா, வஞ்சனைக்கா? வண்ணம் பூசியவர்கள் ஏன் வெந்நீர் காட்டவில்லை? விருந்து வைத்தவர்கள் ஏன் விசையைத் திருப்பவில்லை? வாத்தியம் வாசித்தவர்கள் ஏன் இயந்திரத்தின் ஓசையை ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேட்க விடவில்லை?

என்ன தம்பி சொல்கிறீர்கள், சன்னலில்? "எதிரி வாங்கிட்டான், நாம வேடிக்கை பாக்கணுமா?" நல்ல கேள்வி. நகராத கப்பலைப் பார்த்து எந்த எதிரி நடுங்குவான் தம்பி? அவன் கரையில் நின்று கையசைத்துவிட்டுப் போவான்!

இன்று மாலை அமைச்சர் சொல்லியிருக்கிறார்: சந்தேகப்படுகிறவர்கள் நாட்டுப் பற்று இல்லாதவர்கள். அப்படியா? மருந்துப் புட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கும் தாய்க்குப் பிள்ளைமேல் பற்று இல்லையா? படகில் ஏறுமுன் அடித்தட்டைக் காலால் தட்டிப் பார்ப்பவருக்குக் கடல்மேல் பற்று இல்லையா? பற்று இருப்பதால்தான் பார்க்கிறோம்! பற்று இருப்பதால்தான் கேட்கிறோம்! பற்று இருப்பதால்தான் இங்கே கூடியிருக்கிறோம்!

கப்பல் ஓடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி நான் பிழைத்ததில்லை. ஓடும் என்று நமக்கு இதுவரை எவரும் காட்டவில்லை, அவ்வளவுதான் நான் அறிந்தது. நெடுங்காலம் நெருப்பு காணாத கொதிகலனை நடுக்கடலில் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று இந்த அவைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாய் பிளந்தால் நீராவி அமைச்சரைத் தேடிப் போகாது. அமைச்சர் மேசைக்கு அருகே இருப்பார். அடுப்புக்கு அருகே இருப்பது யார்? உங்கள் அண்ணன்! உங்கள் கணவர்! உங்கள் மகன்!

அதனால்தான் கேட்கிறோம். முதலில் அடுப்பு மூட்டுங்கள். பிறகு ஓட்டிக் காட்டுங்கள். அவர்கள் துறைமுகத்தில், அவர்கள் கொடியின்கீழ், நம் தொழிலாளர்கள் பக்கத்தில் நின்று பார்க்க, ஓட்டிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கொடி ஏற்றுவோம். அதற்குப் பிறகு வாத்தியம் வாசிப்போம். அதற்குப் பிறகு நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்!

சற்றுப் பொறுங்கள். கைதட்ட வேண்டாம். வாசல் பக்கம் நிற்கிறாரே, வேலை முடிந்து நேரே வந்திருக்கிறார் போலிருக்கிறது. வழி விடுங்கள். நான் சொன்ன மாடிவீட்டுக்காரர் அவர்தான். மேடைக்கு வாருங்கள் ஐயா. தயங்காதீர்கள். என்ன? "கை அழுக்கா இருக்குண்ணே"வா? அதற்காகத்தான் கூப்பிடுகிறேன்!

இதோ, இந்த வெள்ளைக் கையுறையை நான் மாட்டிக்கொள்கிறேன். கையைக் கொடுங்கள். நன்றாகப் பிடியுங்கள். இன்னும் அழுத்தி.

பாருங்கள் மக்களே! ஒரு கைகுலுக்கல், கையுறை கறுத்துவிட்டது. இழுவைப் படகின் அடுப்பு இன்று எரிந்தது என்பதற்கு இந்தக் கறுப்பு சாட்சி. அத்தனை பெரிய கப்பலால் தர முடியாத சாட்சியை இவர் உள்ளங்கை தந்துவிட்டது! முன்வரிசையில் இவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அம்மா, நீங்கள் கேட்ட கேள்வி இப்போது இந்த ஊரின் கேள்வி.

இவரை, "நான் போக மாட்டேன்" என்று சொல்லச் சொல்லி நாம் கேட்கவில்லை. என்ன ஐயா? மைக்கில் சொல்லுங்கள்.

"எரியிற அடுப்பக் காட்டட்டும்ணே. அதுக்கப்புறம் எந்தக் கடலுக்கும் போறேன்."

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? இடம் கொடுத்த சங்கத்துக்கும், பொறுத்திருந்த தலைவருக்கும், வேலைக் களைப்போடு வந்து நின்றே கேட்டவர்களுக்கும், மை தீரும்வரை எழுதிய நண்பருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் கறுத்த கையோடு என் வணக்கம்.

இன்று இரவு நிலவரம் இது. கொதிகலன்களை நம் ஆட்கள் முன்னிலையில் மூட்டி, கப்பலைக் கடலில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கேட்டு அதிகாரியின் தந்தி போய்விட்டது. விற்கும் நாட்டின் பதில் வியாழக்கிழமை மாலை, தந்தி அலுவலகம் மூடுவதற்குள் வர வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பயணிகள் கப்பல் புறப்படுகிறது. என் பக்கத்தில் நிற்கும் இவருக்கு அதில் ஏற உத்தரவு இருக்கிறது, அது இன்னும் திரும்பப் பெறப்படவில்லை.