சாமி இல்லாத புறப்பாடு

ராஜபாளையத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பேருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பியதும் மஞ்சள் சேலைக்காரி ஆரம்பித்தாள்.

"மெட்ராஸ் கோட்டையில சாமி இல்லாத புறப்பாட்டுல போனேன் மதினி."

"ஏட்டி, அது எப்படி?"

"ஒருத்தர் குடையை உசத்திப் பிடிச்சு முன்னால போறாரு. பின்னால ஒரே கூட்டம், வெள்ளைக்காரங்க வேற. சாமிதான் வருதுன்னு செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நானும் போயிட்டேன்."

"பொறவு?"

"அவரு நின்னு நின்னு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதாரு. நின்ன எடத்துலல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டேன். என்னையக் காணாம தேடி அலைஞ்ச மகன் ஓடி வந்து, 'எம்மா, அந்தக் காலத்துல கும்பினி வெள்ளைக்காரன் மொதல்ல குடியேறின எடத்தைச் சுத்திக் காட்டுதாங்க, இங்க சாமியும் இல்ல பூதமும் இல்ல'ங்கான்."

"வெள்ளைக்காரங்க சிரிச்சிருப்பாங்களே?"

"எங்க சிரிச்சாங்க? பாதிப் பேரு என்னையப் பாத்து ஷூவைக் கழட்டிக் கையில வச்சிருந்தாங்க மதினி!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். மஞ்சள் சேலைக்காரி பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள்.

"கடைசியில அந்தக் குடைக்காரரு எல்லாருக்கும் குடுத்தாரு. ஒங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன்."

மதினி அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போட்டாள்.