முதுகு பிளந்த சட்டைகள்

ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் ஐயா, எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன்.

மேஃபிளை என்று ஒரு பூச்சி. சிறகு முளைத்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆயுசு. அதற்கு முன்னால் ஓடைக்கல்லுக்கு அடியில் புழுவாகக் கிடக்கும். மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இலை இலையாய்ச் செவுள். அதில் தட்டைத்தலை ரகம் அழுக்குத் தண்ணீரில் பிழைக்காது. முலாம் பூசும் பட்டறைக்காரர்கள் ஆளில்லாத நேரம் பார்த்துக் கழிவைத் திறந்துவிடுவார்கள். குப்பியில் பிடித்த தண்ணீர் அதைச் சொல்லாது, புழு சொல்லிவிடும்.

இதையெல்லாம் எங்கள் குடிநீர் ஆய்வகத்தில் என் மைத்துனனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இடுக்கி பிடிக்கத் தெரியாமல் வந்தவன், எனக்கே அதிகாரியானான். ஒருநாள் எல்லார் முன்னாலும், "அத்தான், உங்க கண்ணு முன்ன மாதிரி இல்ல. மைக்ராஸ்கோப் இனிமே எங்கிட்ட இருக்கட்டும்" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். ஆய்வகமே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பட்டறைக்குக் கீழே, ஓடையில் வலை போட்டு எடுத்ததை அவன் பார்த்த அன்று, தட்டு நிறையத் தட்டைத்தலை. "ஓடை பொழைச்சிருச்சு அத்தான். நீங்களும் ஒரு பார்வை பாருங்க" என்றான்.

பார்த்தேன். ஒன்றுகூடப் புழு இல்லை. பட்டறைக்கு மேலே நல்ல தண்ணீரில் உரித்துப்போட்ட சட்டைகள், ஓட்டத்தில் மிதந்து வந்தவை. பாம்பு உரிக்கிற மாதிரி இதுவும் உரிக்கும். வால், செவுள் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். குப்புறப் புரட்டினால்தான் முதுகு பிளந்திருப்பது தெரியும். அவன் புரட்டவில்லை. நான் புரட்டினேன். பார்த்துவிட்டு, பழையபடி மல்லாக்க வைத்தேன்.

"என் கண்ணுதான் சரியில்லையேப்பா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குடிக்கலாம் என்று அவன் கையெழுத்துப் போட்டான். நிறுத்தி வைத்திருந்த ஓடைத் தண்ணீர் மறுபடி ஊர்க் குழாயில் வந்தது. எவனாவது மறுபடி சோதிப்பான், இவன் மூக்கு உடைபடும் என்று காத்திருந்தேன். எவனும் சோதிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு வாந்தி கண்டது, சிறுநீர் நின்றது. செத்தவர்களில் அவன் மகளும் ஒருத்தி.

என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்போதே கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். பாப்பா "மாமா" என்று ஓடிவரும்போதெல்லாம் அதைத்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவள் வீட்டில் குடித்ததற்கு நான் என்ன செய்ய முடியும்.

அவன் என் தோளில் சாய்ந்து, "எம் பொண்ண நானே கொன்னுட்டேன் அத்தான்" என்று அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஏன் இப்போது வந்தாய் என்கிறீர்கள். விசாரணை அறிக்கையைப் படித்தேன். இரண்டு பேருமே சட்டையைப் புழு என்று நினைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவனோடு என்னையும் சேர்த்து. அது தப்பு ஐயா. நான் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதை மட்டும் திருத்தி எழுதிவிடுங்கள்.