கயிறு கட்டியவருக்குச் செய்த சிகிச்சை

நீங்கள் காட்டிய மைக்கறை அட்டைகளை எங்கள் மாலை வகுப்பில் புத்தகப் படமாகத்தான் பார்த்திருக்கிறோம். நேரில் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. என் பதில்கள் சரியா என்று கேட்டதற்கு, இதில் சரி, தவறு கிடையாது என்றீர்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு அட்டைக்கு வௌவால் என்று சொன்னது நான் கண்டதா, பாடத்தில் படித்ததா என்ற சந்தேகம் இன்னும் போகவில்லை. அந்த ஒரு பதிலை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டால் நல்லது.

நீதிமன்றம் கேட்டதற்காகச் சிறைக்கு வந்து என்னைச் சோதிக்கும் உளவியலாளர் நீங்கள். நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நாட்குறிப்பு எழுதிப் பழகியவன் என்பதால் சிரமமில்லை. நான் செய்ததும் உங்கள் துறையைச் சேர்ந்த வேலைதான். செய்முறையில் எங்கே பிழை நேர்ந்தது என்று நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக்கூடத்தில் மேற்பார்வை வேலை பார்த்தேன். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அக்கா சண்முகப்ரியா. அவளைக் கட்டியவர் மாரிராஜ் அத்தான். கிராமங்களிலிருந்து பிச்சியும் மல்லிகையும் ஏற்றிப் பூச்சந்தைக்குக் கொண்டுவரும் லோடு ஆட்டோ ஓட்டினார். குடிப்பார். குடித்துவிட்டுத் திருவேங்கடம் சாலையில் எங்காவது விழுந்து கிடப்பார். அக்கா எனக்குப் போன் செய்வாள். நான் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் அடிப்பேன். தெருவில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. அக்காவும், "எலும்பு கிலும்பு முறியாமப் பாத்துக்கோலே" என்று மட்டும்தான் சொல்வாள். பிறகு எனக்குச் சுடச்சுடத் தோசை ஊற்றித் தருவாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடித்துத் திருத்த முடியாது என்று எனக்கே தோன்றியதால்தான் வகுப்பில் சேர்ந்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் சாலையில் ஒரு மாடியில் நடந்த உளவியல் ஆலோசனைச் சான்றிதழ் வகுப்பு அது. திருநெல்வேலியிலிருந்து ஷிரின் பானு மேடம் வந்து நடத்துவார். உங்களைப் போலவே முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இந்தப் படிப்ப முடிச்சா காதால கேட்டுக்கிடலாம். கையால ஒண்ணும் செய்யக் கூடாது."

எனக்கு மிகவும் பிடித்தது துறையின் வரலாறு. பள்ளிக்கூடத்தில் பின்தங்கிய பிள்ளைகளைச் சோதிப்பதில் தொடங்கி, போரில் மனம் குலைந்து திரும்பியவர்களைக் கேட்டறிவதாக வளர்ந்து, பழக்கங்களை மாற்றும் சிகிச்சைகள்வரை வந்த கதையை மேடம் பல மாலைகள் சொன்னார். அதில் ஒன்று வெறுப்பூட்டும் சிகிச்சை. குடிகாரருக்குக் குடியைக் கொடுப்பது, கொடுத்த நொடியில் வலியைக் கொடுப்பது. திரும்பத் திரும்பச் செய்தால் குடியின் வாசனையே வலியாகிவிடும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை காலம் நான் அடித்ததில் இருந்த கோளாறு அப்போதுதான் விளங்கியது. நான் அடித்த நேரம் தவறு. போதை தெளிகிற நேரத்தில் அடித்திருக்கிறேன். அதனால் அவர் தெளிவதைத்தான் வெறுக்கப் பழகியிருப்பார்.

அந்தச் சிகிச்சையைப் பிறகு பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள் என்றும் மேடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நோயாளியோட பழக்கம் போவுதோ இல்லையோ, வலி குடுக்கவனுக்கு அது பழக்கமாயிரும், பரமசிவன். அதையும் யோசிக்கணும்ல" என்றார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பின்னாளில் அத்தானுக்குச் சிகிச்சை கொடுத்த ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அதை நேர்மையாக என்னிடமே கேட்டுக்கொண்டேன். எனக்கு இது பிடிக்கிறதா என்று. இல்லை என்பதுதான் பதில். நன்றாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

நான் தொடங்குவதற்கு முன்பே அத்தான் கயிறு கட்டிவிட்டார். உங்கள் ஊர்ப்பக்கம் இந்த வழக்கம் உண்டா, தெரியவில்லை. குடியை விட நினைப்பவர் காவல்தெய்வத்தின் கோவிலுக்குப் போய்ச் சத்தியம் செய்வார். பூசாரி மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டுவார். கயிறு கையில் இருக்கும்வரை குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. மீறிக் குடித்தே ஆக வேண்டும் என்றால், முதலில் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். அத்தான் சித்திரையில் கட்டினார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் முடிந்து ஊர் அடங்கிய பிறகும் ஒரு சொட்டு தொடவில்லை.

அக்கா உடம்பு தேறினாள். புதிதாக ஒரு பீரோ வாங்கினார்கள். எனக்குப் போன் வருவது நின்றுபோனது. ஒருநாள் நானாகப் போனேன். இருவரும் வாசுதேவநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "வேல இருந்தா போலே, நாளைக்குப் பேசுதேன்" என்றாள். மறுநாளும் பேசவில்லை.

கயிறு சிகிச்சை இல்லை. அது அடக்கி வைப்பது. அச்சம் போனால் பழக்கம் இரண்டு மடங்காகத் திரும்பும். அவர் குணமாகவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அதனால் பொறுப்பும் என்னுடையதானது.

சம்மதம் கேட்டேன். தறிக்கூடத்துக்குப் பின்னால் கழிவு நூல் போட்டுவைக்கும் அறைக்கு அவரை வரச் சொல்லி, என் படிப்புக்காக ஒரு பயிற்சி என்றேன். "நீ படிக்குத படிப்புக்கு நாந்தான் பரிச்சப் பேப்பரா மாப்ள?" என்று சிரித்தார். "செய்யி, செய்யி. உங்கக்கா சந்தோசப்பட்டா சரி." இது சம்மதம் ஆகுமா என்று அன்று இரண்டு முறை யோசித்தேன். ஆகும் என்றுதான் தோன்றியது.

பிராந்தியை அவர் மூக்கருகே நீட்டினேன். அதே நொடியில், தறியில் குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டையால் புறங்கையில் அடித்தேன். அவர் விளையாட்டு என்று நினைத்தார். இரண்டாவது அடியில் முகம் மாறியது. என்னைத் தள்ளிவிட்டார். பிராந்தி அவர் சட்டையில் கொட்டியது. அப்படியே வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. "ஏலே, இங்கன வா. திரும்ப ஆரம்பிச்சிட்டாரு. கயித்தக் கையில வச்சிக்கிட்டே குடிச்சிருக்காரு பாவி." அக்கா அழுதாள். அந்தக் குரலைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நான் வேகமாகப் போனேன்.

அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மாப்ள, நீயே சொல்லு. சட்டையில கொட்டுனது நீதானே. உங்கக்காட்ட சொல்லுலே" என்றார். நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிகிச்சை பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் ஏதோ உளறுகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். "நீயே கூட்டிட்டுப் போ. நல்லா ஆனாத்தான் இந்த வீடு" என்று அக்கா கதவை அடைத்தாள். அடைப்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டாள்.

ஆகவே அவரை நான் கடத்தவில்லை. அந்த வழக்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். வீடு திரும்ப என் வார்த்தை வேண்டும் என்பதால் அவராகத்தான் வந்தார்.

கழிவு நூல் அறையில் அவரைத் தங்கவைத்தேன். இரண்டாவது நாள் ஓட முயன்றதால், பாவு நூல் சுற்றும் இரும்பு உருளையோடு சேர்த்துக் கட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. வாசனைக்கு ஒரு அடி, உதட்டில் பட்டால் இரண்டு அடி என்று வைத்துக்கொண்டேன். முதலில் கைகள், பிறகு தோள், பிறகு பாதம். வலது கையில் ஏதோ முறிந்தபோது அடி அளவுக்கு மீறிவிட்டதோ என்று கவலைப்பட்டு ஒருநாள் ஓய்வு கொடுத்தேன். மஞ்சள் பற்றுப் போட்டேன். கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணும் பூசினேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு இருந்தது.

ஒரு தடை இருந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்றார். விழுங்காமல் சிகிச்சை முழுமையடையாது. தாடையைப் பிடித்து ஊற்றினேன், துப்பினார். பல் ஒன்று விழுந்தது. அடிக்கு அவர் அவ்வளவாக அஞ்சவில்லை என்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேறு எதற்கோ அஞ்சினார். கடைசி நாள் மாலையில் அதைச் சொன்னார்.

"கயித்தோட குடிக்க வைக்காத மாப்ள. எவ்வளவு வேணும்னாலும் அடிச்சிக்கோ. மொதல்ல இத அவுத்துரு."

நான் நோயாளியின் நம்பிக்கையை மதிப்பவன். நூல் வெட்டும் கத்தரியை எடுத்து வந்து கயிற்றை வெட்டினேன். வீங்கிய மணிக்கட்டில் அது சதைக்குள் பதிந்திருந்ததால் கொஞ்சம் ரத்தம் வந்தது. அத்தான் அறுந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இடது கண் முழுதாக மூடியிருந்தது.

பிறகு முறியாத கையை நீட்டினார். கட்டைத் தளர்த்தி, கிளாஸைக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தார். வெறும் கிளாஸை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.

"இந்தா, குடிச்சிட்டேன்" என்றார். "இப்பம் உங்கக்கா ஒன்னியக் கூப்பிடுவா. போதுமாலே?"

அதற்குப் பிறகு நான் வாசனைக்கு, உதட்டுக்கு என்று பார்க்கவில்லை. தலையில் அடித்தேன். என் முறையில் நேர்ந்த பெரிய பிழை இதுதான், ஒப்புக்கொள்கிறேன். கிளாஸ் எப்போதோ உடைந்துவிட்டது. குடி இல்லாமல் கொடுக்கும் வலி எதையும் கற்றுத்தராது. அவர் தலையை மறைக்கக் கையை உயர்த்தினார். பிறகு உயர்த்தவில்லை. நான் நிறுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. கட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் தறிக்காரர் முத்துமணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தறி நின்ற பிறகும் நெடுநேரம் அடித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சாட்சி சொல்லியிருக்கிறார். மறுக்க மாட்டேன். அவர் என் கையைப் பிடித்தபோது அத்தானுக்கு உயிர் இல்லை. எவ்வளவு முன்பே போனது என்பது எனக்குத் தெரியாது.

அக்கா இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. அன்று சட்டையில் கொட்டியது நான்தான் என்று போலீசில் சொன்னது அவள் காதுக்குப் போயிருக்கிறது, என் மேல் கோபம் என்கிறார்கள். குடியை விட்ட மனுசனைக் கொன்றுவிட்டானே என்று சொல்லி அழுகிறாளாம். அவளுக்குச் சரியான தகவல் போய்ச் சேரவில்லை. உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் போய்ச் சொன்னால் நம்புவாள். அத்தான் குடியை விட்டிருக்கவில்லை. கயிற்றை வெட்டிய உடனே, என் கண் முன்னால், யாரும் வற்புறுத்தாமல், அவராகவே வாங்கிக் குடித்தார்.