முன் அலுமாரியில் முருகன்

கணேஸ்வரன் எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து அறுநூற்று இருபது பவுண். நல்ல பையன், சிரித்த முகம். காசு கேட்கப் போனால் முதலில் தேத்தண்ணி தருவான், பிறகு வடை தருவான், காசு மட்டும் தர மாட்டான். நானும் வடையைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். லண்டன் மனோர் பார்க்கில், என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. வடையும் நல்ல வடை.

அது நான் சீட்டு எடுத்த காசு. பகலில் கரவன் வண்டிகள் நிறுத்தும் யார்டில் வேலை, பின்னேரம் களஞ்சியத்தில் பெட்டி தூக்கல் என்று ஓடி முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன. அந்தக் காசோடு பின்னேர ஷிப்டை விடலாம் என்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து, கடைக் கூரை ஒழுகுகிறது அண்ணை என்று வந்து நின்றான். கொடுத்தேன்.

கூரை இன்னும் ஒழுகுகிறது. அவன் இந்தக் கோடையில் ஒரு ஜீப்பும், அதன் பின்னால் இழுக்க ஒரு சின்னக் கரவனும் வாங்கினான். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி. உண்மையாகவே அழகான சாமான்.

"எப்பிடி அண்ணை?"

"வடிவா இருக்கு. என்ர காசு எதிலை நிக்குது, சில்லிலையோ யன்னலிலையோ?"

விழுந்து விழுந்து சிரித்தான். "உங்களுக்கென்ன, பிள்ளையோ குட்டியோ? என்னட்டை இருந்தா பாங்கிலை கிடக்கிற மாதிரி."

நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான்.

கரவனுக்குள் சாமான் ஏற்றியது யார் என்று கேட்கிறீர்கள். நான் இல்லை ஐயா. ஒரு பெட்டிகூடத் தொடவில்லை. நான் ஒரு சாமி படம் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கண்ணாடிச் சட்டம் போட்ட முருகன். கோயிலில் வாகனப் பூசை முடிந்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் நசுங்கி, எல்லோரும் சந்தோஷமாக நின்றபோது கொடுத்தேன். "கரவன்ர முன் அலுமாரியிலை வை தங்கச்சி, வழி காட்டுவார்" என்றேன். கனகவல்லி, அவன் மனைவி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கரவனில் பாரம் சில்லுக்கு நேர் மேலேயும், கொஞ்சம் முன்னுக்கும் இருக்க வேண்டும். பின்னுக்குப் போனால் ஊர்த் தெருவில் ஒன்றும் தெரியாது. வேகமாக இறக்கத்தில் போகும்போது வால் ஆடும். ஆடத் தொடங்கினால் இழுக்கிற வாகனத்தையும் சேர்த்துச் சுழற்றிவிடும். எங்கள் யார்ட் சுவரில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான், கண்ணில் படுவதையெல்லாம் வாசித்துவிடுவேன்.

கனகவல்லி எப்படிப்பட்டவள் என்பதும் எனக்குத் தெரியும். டெவனுக்கு விடுமுறைக்குப் புறப்படுகிற அன்று காலை அவள் குரல் தெருமுனைவரை கேட்டது.

"சாமிக்குப் பக்கத்திலை கோழிக்கறியும் கருவாடுமோ? பின்னுக்குக் கொண்டு போங்கோ!"

"அரிசி மூட்டை என்ன பாவம் செய்தது?" என்று கணேஸ்வரன் கேட்டான்.

"அதுக்கு மேலை நீங்கள் செருப்போடை ஏறி நிண்டதை நான் பாத்தனான். அதுவும் பின்னுக்கு!"

கிரைண்டர், தண்ணீர்க் கான்கள், சட்டி பானை எல்லாம் பின்சுவரோடு போய்ச் சேர்ந்தன. முன் பாதி முழுவதும் முருகனுக்கு. கழுவித் துடைத்து, கோலம் போடாத குறை.

கணேஸ்வரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணை, நீங்கள் யார்டிலை நிக்கிற ஆள். ஏத்தினது சரிதானே?"

குனிந்து பார்த்தேன். கரவனின் மூக்கு லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"ஓம்" என்றேன்.

கனகவல்லியையும் மகள் தர்ஷினியையும் ரயிலில் போகச் சொன்னதும் நான்தான். பிள்ளைக்குக் கார் ஒத்துக்கொள்ளாது, டெவன் போய்ச் சேரமுதல் சத்தி எடுத்துக் களைத்துவிடும் என்றேன். டிக்கெட்டும் என் காசில் எடுத்துக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு ஒன்றும் தர வேண்டியதில்லையே.

நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட இறக்கம். ஜீப் சுழன்று, நடுத்தடுப்பில் மோதிப் புரண்டது. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை என்று அறிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அவனும் உடனேயே போய்விட்டானாம், வேதனைப்படவில்லை.

முருகன் படத்தின் கண்ணாடிகூட உடையவில்லை. செத்த வீட்டில் அதை வைத்து விளக்கேற்றியிருந்தார்கள், வந்தவர்கள் எல்லாம் அதிசயப்பட்டார்கள். நானும்தான்.

கனகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணை, உங்கடை காசு... கடையை வித்தாவது தந்திடுறன்."

"விடு தங்கச்சி. அவனோடை அது முடிஞ்சுது. இனி நீ எனக்கு ஒரு சதமும் தரத் தேவையில்லை."

சுற்றி நின்றவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்றார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஆனால் ஐயா, அவர்கள் சொன்னது பொய்யில்லை. காசுக்காக ஒரு மனிதரை நெருக்குகிற பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.