சுவருக்கு இந்தப் பக்கம்

அக்கா: மேஸ்திரி, அவன்கிட்ட கேளுங்க. இந்தக் கரும்பச்சை டைல்ஸை உடைக்கிறதுல அவனுக்கு எங்க வலிக்குதுன்னு.

மேஸ்திரி: சார், அக்கா கேக்குறாங்க...

தம்பி: காது கேக்குது மேஸ்திரி. உடைச்சுக்கட்டும். பெட்டியைத் தூக்கிட்டு வந்து இறங்கின கையோட டேப்பை எடுத்துப் பாத்ரூமை அளந்தாச்சு. என்னைக் கேட்டா எதுவும் நடக்குது?

அக்கா: அளக்கத்தான் செய்வேன். அம்மா இடுப்பு உடைஞ்சு பத்து நாளா ஆஸ்பத்திரியில கிடக்குறது இந்தப் பொந்துக்குள்ள விழுந்துதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க. அதுக்குள்ள இது மனுஷங்க குளிக்கிற இடமா மாறணும். இல்லேன்னா அம்மாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லுங்க அவன்கிட்ட.

மேஸ்திரி: சார், பெரியம்மாவை...

தம்பி: கூட்டிட்டுப் போயிடுவாங்களாமா? எங்கம்மா என்ன பார்சலா, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போக? அவங்க இருக்க வேண்டியது இந்த வீட்டுல. என்கூட.

மேஸ்திரி: ஏங்க, எனக்கு ஒண்ணு புரியல. ரெண்டு பேரும் நாலடி தள்ளி நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன தபால்காரனா?

அக்கா: பேச்சு நின்னு ரெண்டு வருஷமாச்சு மேஸ்திரி. நிறுத்தினது நான் இல்ல.

தம்பி: ஆமா. வாயில விரலை வச்சாக் கூடக் கடிக்கத் தெரியாத பாப்பா.

மேஸ்திரி: சரி சரி... வேலையைப் பேசுவோம். முதல்ல வெளிச்சம். அதோ மேல இருக்கு பாருங்க ஜன்னல், ஒரு சாண் அகலம். பூனை கூட யோசிச்சுத்தான் நுழையும். அதைக் கீழ இறக்கி ரெண்டடிக்கு வெட்டிட்டு, உள்ள தெரியாத கண்ணாடி போட்டுட்டா பகல்ல லைட்டே தேவைப்படாது.

அக்கா: போடுங்க.

தம்பி: மழைன்னா சாரல் அடிக்கும்.

அக்கா: பாத்ரூம்ல தண்ணி விழுந்தா என்ன கெட்டுப் போச்சுன்னு கேளுங்க.

மேஸ்திரி: வெளிய சன்ஷேடு இருக்கு சார். சாரல் வராது.

தம்பி: நீங்க யார் பக்கம் மேஸ்திரி?

மேஸ்திரி: நான் சுவர் பக்கம். அடுத்தது, சாமான் வைக்க இடம். இப்ப எல்லாம் தரையில கிடக்கு. ரெண்டு வாளி, உடைஞ்ச மக்கு, பினாயில், சோப்பு டப்பா... அந்த மூலையில என்ன அது, பழைய பெயிண்ட் டப்பாவா?

அக்கா: அப்பா வாங்கி வச்சது. அப்பா போயே ரெண்டு வருஷம் முடிஞ்சிடுச்சு. அதைத் தூக்கிப் போட ஒருத்தனுக்குக் கை வரல.

தம்பி: தூக்கிப் போடலாம்னு சொல்ல யாராவது வந்து எட்டிப் பார்த்தாங்களாக்கும்.

மேஸ்திரி: இருங்க... சுவரைக் குடைஞ்சு மூணு தட்டு வச்சுடறேன். வெளிய நீட்டிக்கிட்டு நிக்காது. வாஷ்பேசினுக்கு மேல கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதுக்கு மேலயே நீட்டு லைட். தரைக்கு வழுக்காத டைல்ஸ். கம்மோடு பக்கத்துல பிடிச்சு எழுந்திரிக்கக் கம்பி. பெரியம்மா குனியவும் கூடாது, எக்கவும் கூடாது. அவங்க உயரம் என்ன?

அக்கா: என் காது வரைக்கும் வருவாங்க.

தம்பி: வருவாங்க, வருவாங்க. முதுகு கூன் போட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப உன் தோள் வரைக்கும்தான். வந்து பார்த்திருந்தாத்தானே தெரியும்.

மேஸ்திரி: அட, நேராவே பேசிட்டீங்க.

தம்பி: ...வாய் தவறிடுச்சு.

அக்கா: ஆஸ்பத்திரியில படுத்தே கிடக்காங்க மேஸ்திரி. உயரம் எப்படித் தெரியும் எனக்கு? என்னை வீட்டுக்குள்ள விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

தம்பி: யாரு வாசல்ல கம்பி வேலி போட்டா?

மேஸ்திரி: தோள் உயரம்னு குறிச்சுக்கறேன். அப்புறம் ஸ்விட்ச். இப்ப கதவுக்கு வெளிய, ஹால்ல இருக்கு. உள்ள கொண்டுவந்துடவா?

அக்கா: உள்ள வைங்க.

தம்பி: வெளியவே இருக்கட்டும்.

அக்கா: ஏன், இதுலயும் வம்பா?

தம்பி: ஈரக் கையால போடுவாங்க. ஷாக் அடிக்கும்.

அக்கா: இவ்வளவு அக்கறை இருக்கறவன் ஃப்யூஸ் போன ஒரு பல்பை மாத்தியிருக்கலாமே. ஒரே ஒரு பல்பு. ஸ்டூல் போட்டு ஏறினா ரெண்டு நிமிஷம். அதைப் பண்ணியிருந்தா எங்கம்மா இன்னிக்கு எழுந்து நடமாடிக்கிட்டு இருப்பாங்க. தண்டச்சோறு.

மேஸ்திரி: எந்தப் பல்புங்க?

அக்கா: இங்க வேற எந்தப் பல்பு இருக்கு? அதோ, தலைக்கு மேல தொங்குதே.

மேஸ்திரி: இதுவா? வந்ததும் போட்டுப் பார்த்தேனே, நல்லா எரியுது. கொஞ்சம் மங்கல்தான், ஆனா எரியுது. இதோ பாருங்க. சரி... நான் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணி வால்வை மூடிட்டு வர்றேன். வந்ததும் உடைக்க ஆரம்பிக்கறேன்.

அக்கா: புதுசா மாட்டினியா?

தம்பி: இல்ல.

அக்கா: அப்ப அன்னிக்கும் எரிஞ்சுது.

தம்பி: எரிஞ்சுது.

அக்கா: ஆஸ்பத்திரி வராந்தாவுல அத்தனை பேர் முன்னால சாடையா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே. இருட்டுல கால் வழுக்கிடுச்சுன்னு அம்மா முனகினதை வச்சு, ஒரு பல்பு மாத்த வக்கில்லையான்னு. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? எரியுதுன்னு சொல்ல வேண்டியதுதானே.

தம்பி: சொல்லியிருந்தா அடுத்த கேள்வி கேட்டிருப்ப.

அக்கா: என்ன கேள்வி?

தம்பி: எரியற லைட்டை ஏன் போடாம உள்ள போனாங்கன்னு.

அக்கா: ...ஏன் போனாங்க?

தம்பி: உனக்குத் தெரியாது?

அக்கா: எனக்கெப்படிடா தெரியும்? நான் இங்கயா இருந்தேன்?

தம்பி: நடிக்காத. பத்து நாளா பார்த்துட்டுதான் இருக்கேன், நடிப்பு பிரமாதம். லைட்டைப் போட்டா கதவுக்கு மேல இருக்கற கண்ணாடி வழியா ஹால்ல வெளிச்சம் விழும். உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதனால போட மாட்டாங்க. செல்லை முந்தானையில சுத்தி எடுத்துட்டுப் போவாங்க. சத்தம் கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விடுவாங்க. அந்தக் கும்மிருட்டுல, வழியற தண்ணியில நின்னுக்கிட்டு உன்கிட்ட பேசுவாங்க. ஒரு வருஷமா.

அக்கா: ...

தம்பி: இப்ப யார் வாயில கொழுக்கட்டை?

அக்கா: உனக்குத் தெரியுமா?

தம்பி: வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியாதா? வெளிய வரும்போது அவங்க முகத்தைப் பார்த்தா தெரியாதா?

அக்கா: தெரிஞ்சுமா விட்ட? அறுபத்தெட்டு வயசுப் பொம்பளை, பெத்த பொண்ணுகிட்ட பேச இருட்டுல ஒளிஞ்சு நிக்கிறா. ஹால்ல உக்காந்து பேசுங்கம்மான்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல. கல்லாடா நீ?

தம்பி: வார்த்தையைப் பத்தி நீ பேசாத. அப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, சொந்தக்காரங்க எல்லாம் நிக்கறப்ப என்ன சொன்ன? இவன் ஒழுங்கா பார்த்திருந்தா அப்பா போயிருக்க மாட்டார்னு சொன்ன. மூணு வருஷம் அவர் மலம் மூத்திரம் அள்ளினவனைப் பார்த்துச் சொன்ன. வருஷத்துக்கு ரெண்டு நாள் வந்து தலைமாட்டுல உக்காந்துட்டுப் போனவ சொன்ன.

அக்கா: துக்கத்துல சொன்னேன். நெருப்புன்னு தெரியாம கொட்டிட்டேன்...

தம்பி: நானும் துக்கத்துலதான் சொன்னேன் அம்மாகிட்ட. அவகூட இனிமே பேசினா எனக்கு அம்மாவே கிடையாதுன்னு.

அக்கா: அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு அந்த மனுஷி இங்க வந்து... சே. நீயெல்லாம் ஒரு பிள்ளை.

தம்பி: சரி, நான் பிள்ளை இல்ல. நீ பொண்ணு. சொல்லு. அன்னிக்கு எதிர்வீட்டுக்காரர் வந்து பெல் அடிச்சார். உள்ள அம்மா விழுந்துட்டாங்களாம்னார். விழுந்துட்டாங்களாம். இந்த வீட்டுக்குள்ள நடந்தது தெருவைத் தாண்டி அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அவர் பெல் அடிச்சப்ப மத்தியானம் மூணு இருபது. அம்மா செல்லுல உன் போன் கட்டானது மூணு அஞ்சுக்கு. நான் எடுத்துப் பார்த்தேன். நடுவுல கால் மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்த?

அக்கா: தடால்னு ஒரு சத்தம் கேட்டுது. அப்புறம் குழாய்ச் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்ல, லைன் கட்டாயிடுச்சு. அம்மா அம்மான்னு கத்தினேன்...

தம்பி: எனக்கு ஏன் பண்ணல?

அக்கா: உன் நம்பரை எடுத்தேன்.

தம்பி: எடுத்து?

அக்கா: ரெண்டு தடவை எடுத்தேன். ரெண்டு தடவையும் வச்சுட்டேன்.

தம்பி: ஏன்?

அக்கா: நீ எடுத்து, உனக்கு இங்க என்ன வேலைன்னு கேட்டுட்டா... அந்த நேரத்துலயும் எனக்கு ரோஷம்டா. எதிர்வீட்டு நம்பரை யார் யார்கிட்டயோ கேட்டு வாங்கிட்டிருந்தேன்.

தம்பி: அம்மா இடுப்பு உடைஞ்சு ஈரத் தரையில கிடக்காங்க. நீ ரோஷம் பார்த்துக்கிட்டு நம்பர் தேடிட்டு இருந்திருக்க. இந்த லட்சணத்துல கூட்டிட்டுப் போறேன்னு மிரட்டற. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்குற?

அக்கா: திட்டு. என்ன வேணா திட்டு. உன்னைத் திட்டித் திட்டித்தான் இந்தப் பத்து நாள் நான் தூங்கினேன். பல்பு, டைல்ஸ், ஜன்னல்னு கண்ணுல பட்டதை எல்லாம் உடைக்கணும்னு வெறி. எல்லாம் என் மேல இருக்கற வெறி. போதுமா? ஆனா ஒண்ணு. நான் இருந்தது எங்கயோ. நீ?

தம்பி: என்ன நீ?

அக்கா: அன்னிக்கு உனக்கு லீவு. எதிர்வீட்டுக்காரர் பெல் அடிச்சப்ப நீதானே கதவைத் திறந்த? நீ உக்காந்திருந்த இடத்துக்கும் அம்மா விழுந்த இடத்துக்கும் நடுவுல ஒரே ஒரு செங்கல் சுவர். அத்தனை தூரத்துல, போன்ல, எனக்குக் காது கிழியற மாதிரி கேட்டுது. உனக்குக் கேக்கலையா?

மேஸ்திரி: வால்வை மூடியாச்சுங்க. எந்தச் சுவர்ல இருந்து ஆரம்பிக்கட்டும்?

அக்கா: ஒரு நிமிஷம் மேஸ்திரி. அவன் பதில் சொல்லட்டும்.

மேஸ்திரி: சார்... அக்கா கேக்குறாங்க.

தம்பி: அம்மாவை நீயே கூட்டிட்டுப் போயிடுக்கா... கேட்டுது. நல்லாவே கேட்டுது. உன்கிட்ட பேசற குஷியில எதையோ தட்டி விட்டுட்டாங்கன்னு எனக்கு ஆத்திரம்... ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன்.