தொட்டித் தண்ணீரில் ஒரு வானவில்

படி இறங்குகிறோம். இரண்டாம் மாடி. முதல் மாடி. அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. பின்னாலிருந்து தாசன் கத்துகிறான்.

“கம்பியப் பிடிச்சு எறங்கும் சாரே! நிக்காதயும்!”

வளைகுடா நகரம் ஒன்று. போரின் நான்காம் நாள். மாலை நான்கு பத்து. நானும் மனைவி எஸ்தரும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். மகள் நர்ஸ். அப்போது வேலையில் இருந்தாள். தாசன் பக்கத்து வீட்டில் இருந்தவன். லாரி ஓட்டுநர். எங்கள் மாவட்டத்து இராஜாக்கமங்கலத்துக்காரன்.

நிலவறைக்குள் நுழைந்ததும் வெடி. நெஞ்சில் அறைந்தது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம்.

எஸ்தர் வாசல் வழியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்தின் மேல் வானவில்.

“கர்த்தரு வில்லு வச்சிட்டாரு. இனி ஒண்ணும் வராது.”

வேதத்தில், இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற உடன்படிக்கைக்குக் கடவுள் வைத்த அடையாளம் வானவில்.

நான் முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவில் இருந்தவன். விதி தெரியும். அபாயம் நீங்கியதற்கான சங்கு ஊதும்வரை வெளியே போகக் கூடாது. வானத்தில் மேகமே இல்லை. உடைந்த தொட்டியின் தண்ணீரில் வெயில் பட்டிருந்தது. அதுவும் தெரிந்தது. நான் சொன்னது வேறு.

“அந்த உடன்படிக்கை வெள்ளத்துக்கு மட்டும். ஏவுகணைக்குப் பிரிவு கெடையாது.”

தாசன் சிரித்தான். “சாரு கர்த்தருகிட்டயும் வில்லங்கச் சான்று கேப்பீரு.”

எஸ்தரின் இன்சுலின் மேலே வீட்டில் இருந்தது. “அம்மைக்க மருந்த எடுத்திட்டு வாறேன்” என்று தாசன் படியேறினான். ‘போகாதே’ என்ற ஒரு சொல் போதும். நான் என் வாசகத்தை ரசித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு பதினேழு. இரண்டாம் வெடி.

சொந்த ஊரான குலசேகரம் திரும்பினோம். இங்கே வெயிலும் மழையும் சேர்ந்தே வரும். ரப்பர் தோட்டங்களுக்கு மேல் வில் விழும். முதல் மழைக்காலம் முழுக்க எஸ்தர் ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். பிறகு வேதத்தில் அந்த அதிகாரத்தை மறுபடி வாசித்தாள். வில்லைப் பார்த்து நினைவுகூருவேன் என்று சொல்பவர் கடவுள். அது அவருக்கான அடையாளம். மனிதனுக்கு வெளியே போக அனுமதி அல்ல. நானும் சரிபார்த்தேன். அப்படித்தான் இருக்கிறது.

இப்போது வில் தெரிந்தால் முற்றத்தில் இறங்கி நிற்கிறாள். கை கூப்புவதில்லை. மேலே பார்த்துக் கேட்கிறாள்.

“தாசன ஓர்மை இருக்கா உமக்கு?”

நினைவூட்டுக் கடிதங்களின் கதி எனக்குத் தெரியும். ஆனாலும் குடையோடு பக்கத்தில் நிற்கிறேன். வில் மறையும்வரை.

இழந்தவை: மாடிப் படிக்கட்டு. எஸ்தரின் வலது காது. அவன் கையிலிருந்த நான்கு மருந்துக் குப்பிகள். ஆள் ஒன்று. தாசன், வயது நாற்பத்தொன்று.

ஒரு சொல்லில் தடுத்திருக்கக் கூடியவர் ஒருவர். அவருக்குக் காயமில்லை.