பானை ஓட்டில் மூன்று கோடு

சற்றுப் பொறுங்கள்... மேலே பேசுவதற்குள் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

தெற்கே ஓர் அகழாய்வு. குழியிலிருந்து வரும் பானை ஓடுகளைக் கழுவுவது இசக்கியம்மாளின் வேலை, தினக்கூலி. பழைய பல் பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருநாள், அவர் கழுவிய ஓடு ஒன்றில் மூன்று கோடுகள் தெரிந்தன. எழுத்து! இதுவரை யாரும் காணாத எழுத்து! இயக்குநர் கிருபாகரன் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஐந்து பேர், ஐந்து பேரும் முனைவர்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் பதினொரு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருவதாக ஏற்பாடு.

பத்தரைக்கு இசக்கியம்மாள் வந்து நின்றார்.

"சார்... அது நான் கீறினது."

"என்னம்மா சொல்றே?"

"சுண்ணாம்பு ஒட்டிக்கிட்டிருந்துச்சு சார். பிரஷ்ஷுக்கு வரல. தாலிக்கயித்துல கிடந்த ஊக்க எடுத்துச் சுரண்டிட்டேன்."

பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளர் சிரித்தார். "சரிதான்! ஊக்கு வச்சு வரலாறே எழுதிட்டியா?"

இசக்கியம்மாள் ஓட்டுக் குவியல் பக்கம் போனார். கழித்துப் போட்ட ஓடு ஒன்றை எடுத்தார். ஊக்கைக் கழற்றினார். சர்... சர்... சர்... மூன்று கோடு. பழைய கோடென்றால் உள்ளே மண் ஏறியிருக்கும். அந்த ஓடு, இந்த ஓடு, இரண்டிலும் கோடு பளிச்சென்று சிவந்திருந்தது. அதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை!

கிருபாகரன் இரண்டு ஓட்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். "மூணு நாளா ஏம்மா சொல்லல?"

"வேலை போயிருமேன்னு பயம்தான் சார். ஆனா... நீங்க யாரும் என்கிட்ட கேக்கலியே?"

பதினொரு மணிக்குக் கிருபாகரன் வெளியே போய், "எழுத்து இல்லை. தவறு எங்களுடையது" என்றார். ஒரு நிருபர் கேட்டாராம்: "அப்போ இன்னிக்குச் செய்தியே இல்லையா சார்?"

இசக்கியம்மாளுக்கு வேலை போகவில்லை. ஊக்கை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள்.

நண்பர்களே, அந்த ஐந்து பேரும் முட்டாள்களா? இல்லை. அது எழுத்தாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்... அவ்வளவுதான். நமக்கு அந்த ஆசை இல்லையா? நம் பெருமையைச் சொல்லி ஒரு செய்தி கைப்பேசிக்கு வந்தால், எத்தனை பேர் விசாரிக்கிறோம்? கேளுங்கள். மனதுக்கு இனிக்கிற செய்தி என்றால் இரண்டு முறை கேளுங்கள். யார் எடுத்தது, யார் கழுவியது, யார் பார்த்தது... உண்மையான பெருமை என்றால், நாம் கேட்பதால் அது ஒன்றும் உடைந்துவிடாது.